கேட்டுச்சொல்றேன் அக்கா

எங்கள் கல்லூரியில் படித்தவர்களுக்கு முதல்வரின் முகம் மறந்திருக்கலாம். அக்காவை மறந்திருக்க மாட்டார்கள். ‘எங்கள் கல்லூரி’ என்று சொல்வதால் நான் அங்கே படித்துக் கிழித்தவன் என்று நினைத்துவிட வேண்டாம். வாசலை ஒட்டி எனக்கு ஒரு கடை. அதில் ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு ஸ்டேப்ளர், ஒரு வாய். இந்த மூன்றில் எது அதிகம் ஓடுகிறது என்று என் மனைவியைக் கேட்டால் சொல்வாள்.

அக்காவுக்குச் சான்றிதழ் அறையில் வேலை. மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. உள்ளே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, மூன்று இரும்பு பீரோ. யார் போய் எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து முதலில் வருவது ஒரே பதில்தான். மதிப்பெண் பட்டியலுக்கு நகல் வேண்டுமா, கேட்டுச் சொல்றேன். குண்டூசி வேண்டுமா, கேட்டுச் சொல்றேன். ஒருமுறை ஒரு போக்கிரி, “அக்கா, மணி என்ன?” என்று கேட்டுவிட்டு, அவர் வாயைத் திறப்பதற்குள், “கேட்டுச் சொல்றேன்” என்று பதிலையும் தானே சொல்லிவிட்டு ஓடினான். அன்றிலிருந்து அவர் பெயர் கேட்டுச்சொல்றேன் அக்கா. அவருக்கும் அது தெரியும். கோபித்துக்கொள்ள மாட்டார். “கேட்டா ஒரு வார்த்தையோட போச்சு. கேக்காம செஞ்சா வேலையோட போச்சு” என்பார்.

அதில் நியாயம் இருந்தது. அவர் கல்லூரிக்கு வேலை செய்தாரே தவிர கல்லூரி ஊழியர் இல்லை. நடுவில் ஒரு கான்ட்ராக்டர் உட்கார்ந்திருந்தான். சம்பளம் அவன் கை வழியாகத்தான் வரும், வரும்போது கொஞ்சம் இளைத்து வரும். நாளையிலிருந்து வராதே என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். தலைக்கு மேல் அப்படி ஒரு கத்தி தொங்கினால் நானும் தும்முவதற்கு முன்னால் நாலு பேரைக் கேட்டுக்கொண்டுதான் தும்முவேன்.

மூன்றாவது பீரோவுக்கு ஆபீசில் ‘பாக்கி பீரோ’ என்று பெயர். படித்து முடித்தும் கட்டணத்தைக் கட்டி முடிக்காதவர்களின் பட்டச் சான்றிதழ்கள் அதில் இருந்தன. பணம் வந்தால் தாள் போகும், வராவிட்டால் தாள் கிடக்கும். வருஷத்துக்கு வருஷம் பீரோ பிதுங்கிக்கொண்டே வந்தது. அக்கா அவற்றைத் துறைவாரியாகப் பிரித்து, நாடா போட்டுக் கட்டி, நடுநடுவே பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தார். மழைக்காலத்தில் ஈரம் ஏறக் கூடாது என்று பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு, அது எரியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அதற்கும் அனுமதி வாங்கியிருந்தார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

“காசு கட்டாதவன் காகிதத்துக்கு இவ்வளவு உபசாரமாக்கா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கட்டினவனோடது அவன் வீட்டுல பத்திரமா இருக்கும். இதுக்கு என்னை விட்டா யாரு இருக்கா?” என்றார்.

அக்காவின் கணவர் அட்டைப்பெட்டி ஆலையில் மெஷின் ஓட்டினார். அவர் வாய் திறந்து பேசி நான் கேட்டதில்லை. ஒரே மகள். அவளை நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். கல்லூரியில் சேர்ந்த பிறகும் அப்படியே கூப்பிட்டேன். “நான் பாப்பா இல்ல அண்ணா, வேதியியல் முதல் வருஷம்” என்று முறைப்பாள். வகுப்பு முடிந்ததும் அம்மாவுக்கு வேலை முடியும்வரை என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து படிப்பாள். நான் பக்கங்களை முன்பின்னாக அடுக்கிவிட்டால் நிமிராமலே கையை நீட்டி வாங்கிச் சரிசெய்து கொடுப்பாள். அந்தப் பெண் உட்கார்ந்திருந்த வருஷங்களில் என் கடை மேல் ஒரு புகார் வந்ததில்லை.

படிப்புக்கு வங்கியில் கடன். அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். வருஷா வருஷம் வங்கியே கல்லூரிக்குப் பணத்தை அனுப்பிவிடும். படித்து முடித்து வேலைக்குப் போய்ப் பாப்பா கட்டுவாள். கேட்பதற்கு எல்லாம் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரிதான் இருந்தது. கடைசி வருஷம் தொடங்கும்போது அட்டைப்பெட்டி ஆலையை மூடிவிட்டார்கள். ஜாமீன்தாரருக்கு வேலை இல்லை, சம்பளச் சீட்டோடு வேறு ஆளைக் கொண்டு வாருங்கள், அதுவரை கடைசித் தவணை கிடையாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். அக்கா போய் நின்றார். அவருடைய சீட்டில் கான்ட்ராக்டர் பெயர் இருந்தது. அது செல்லாது என்றார்கள். அத்தனை வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்ததற்கு அவரிடம் காட்ட ஒரு நல்ல தாள்கூட இல்லை.

அந்தக் கவலையிலேயே பாப்பாவின் அப்பா போய்ச் சேர்ந்தார். ஒரு மத்தியானம் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அவருடைய பத்திரங்களின் நகல்களைக் கொடுக்க நான் வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு அறை வீடு. அக்காவின் தம்பி வந்திருந்தார். அரசாங்க வேலை, நிரந்தரச் சம்பளம். அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் வங்கிக் கதவு திறக்கும். அக்கா கேட்டார். தம்பியிடம்கூடத் தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

“நான் சொல்றத தப்பா எடுத்துக்காதக்கா” என்றார் தம்பி. “படிக்கிறது அவ. சம்பளம் வாங்கப் போறது அவ. கையெழுத்து மட்டும் என்னோடதா?”

“நான் கட்டிடுவேன் மாமா” என்றாள் பாப்பா.

“கட்டுவேன்னுதாம்மா எல்லாரும் சொல்றாங்க. உங்கப்பாவும் அப்படித்தான் சொன்னாரு. கட்ட முடியலன்னா என் வாசல்ல வந்து நிப்பாங்க. எனக்கும் ரெண்டு இருக்கு, அதுங்களுக்கு நாளைக்கு நான் எங்க போவேன்?”

“ரெண்டு வருஷம் ஓடிப்போச்சுடா. பாதியில விட்டா போட்டதெல்லாம் வீணாப் போயிடும்” என்றார் அக்கா.

“அதுக்குத்தான் அன்னைக்கே சொன்னேன், கையில இருக்கிற காசுக்குத் தகுந்த படிப்பா பாருன்னு. யாரு கேட்டா?”

தம்பியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவரவர் வயிற்றைக் கட்டி அவரவர் பிள்ளைகளைப் படிக்க வைக்கிற ஊரில், அடுத்தவர் பிள்ளைக்குக் கையெழுத்துப் போடுகிறவன் மகாத்மாவாக இருக்க வேண்டும், அல்லது முட்டாளாக இருக்க வேண்டும். தம்பி இரண்டும் இல்லை.

கல்லூரியில் ஆபீஸ் சூப்பிரண்டு ஓர் உபகாரம் செய்தார். நம்ம ஆபீஸ் ஆளின் மகள் என்று சொல்லி, பணம் கட்டாமலே பரீட்சை எழுத விட்டார். ஆனால் பாக்கியைக் கட்டும்வரை சான்றிதழ் கையில் கிடைக்காது. சூப்பிரண்டும் கல்நெஞ்சக்காரர் இல்லை. மகன் படிப்புக்காக வீட்டை அடமானம் வைத்து, இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறவர். “நான் கட்டறேன். எல்லாரும் கட்டட்டும். காலேஜ் என்ன சத்திரமா?” என்பார். தான் பட்டதை மற்றவர்களும் பட்டால்தான் கணக்கு நேராகும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவர் அந்த ரகம்.

பாப்பா முதல் வகுப்பில் தேறினாள். சான்றிதழ்க் கட்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தபோது அதைப் பிரித்து அடுக்கியது அக்காதான். மகளுடையதை எடுத்து, ஓரம் மடங்காமல் உறைக்குள் செருகி, தன் கையாலேயே பாக்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். பெற்ற பிள்ளையின் பட்டத்தைப் பூட்டி வைத்துவிட்டு அந்தச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த வருஷ மழைக்காலத்தில் அக்கா பல்பை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் எரியவிட்டார்.

ஆறேழு மாதம் அலைந்த பிறகு பாப்பாவுக்கு ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. நல்ல சம்பளம். வங்கிக் கடன், கல்லூரிப் பாக்கி இரண்டையும் இரண்டு மூன்று வருஷத்தில் அடைத்துவிடலாம். திங்கட்கிழமை வந்து சேர வேண்டும், சேரும்போது மூலச் சான்றிதழைக் காட்ட வேண்டும். காட்டினால் போதும், பார்த்துவிட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என் கடையில்தான் அம்மாவும் மகளும் நின்று பேசினார்கள்.

“இன்னைக்குச் சாயங்காலம் பூட்டும்போது எடுத்துக்கோம்மா. செவ்வாய்க்கிழமை காலைல நீயே கொண்டுபோய் வெச்சிடு. ஒருத்தருக்கும் தெரியாது” என்றாள் பாப்பா.

அக்கா சாவியைத் தடவிக்கொண்டே நின்றார். “கேட்டுச் சொல்றேன்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அக்கா, எதைக் கேக்கறதுன்னு இல்லையா? கேட்டா குடுக்க மாட்டாங்க. கேக்காதீங்க” என்றேன்.

“பரீட்சை எழுத விட்டாரில்ல. நல்ல மனுஷன்தான். ரெண்டு நாளைக்குன்னு சொன்னா புரிஞ்சுக்குவாரு.”

“அம்மா, கேக்காத” என்றாள் பாப்பா. அவள் குரலில் அப்போது கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. “வேலை கிடைச்சா அந்தக் காசை நான்தானே கட்டப் போறேன்? அவங்களுக்கும் அதுதானே வேணும்?”

“அதைத்தான் சொல்லப் போறேன். எடுத்துச் சொன்னா ஆகும். நீ இங்கயே இரு” என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனார்.

திரும்பி வரும்போது அவர் நடையிலேயே தெரிந்துவிட்டது. இடுப்பில் இரண்டு சாவிகள்தான் இருந்தன. சூப்பிரண்டு முழுவதையும் கேட்டுக்கொண்டாராம். முகம் கறுத்துவிட்டதாம். “இவ்வளவு நாளா இப்படியும் ஒரு நெனப்பு உனக்கு இருந்திருக்கு, எனக்குத் தெரியாமப் போச்சே” என்று சொல்லி, பாக்கி பீரோவின் சாவியை வாங்கித் தன் மேஜைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டாராம். உனக்கு இரக்கம் காட்டினால் நாளைக்கு நூறு பேர் வந்து நிற்பார்கள் என்றும் சொன்னாராம்.

கேட்காமல் எடுத்திருந்தால் பீரோவுக்கே தெரிந்திருக்காது. கேட்டதால்தான் திருடி ஆனார். இப்படி ஒரு தப்பை இந்த உலகத்தில் அக்கா ஒருவரால்தான் செய்ய முடியும்.

பாப்பா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. ஸ்டூலிலிருந்து எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். “திருடச் சொல்லலம்மா. என்னோடதைத்தான் எடுக்கச் சொன்னேன்” என்றாள். பிறகு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். அக்கா பின்னாலேயே கொஞ்ச தூரம் போய், மத்தியான வேலை பாக்கியிருக்கிறதே என்று நினைத்தோ என்னவோ, திரும்பி வந்துவிட்டார். அன்று அவர் திரும்பியிருக்கக் கூடாது என்றுதான் எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

மருந்துக் கம்பெனியில் ஒரு வாரம் தவணை கொடுத்தார்கள். பிறகு அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பாப்பா வேறு ஊருக்குப் போனாள். பெரிய கிடங்கு ஒன்றில் வேலை. இணையத்தில் வாங்குகிற பொருள்களைப் பெட்டியில் போட்டு ஒட்டி அனுப்ப வேண்டும். அங்கே யாரும் பட்டம் கேட்க மாட்டார்கள், கை ஓடினால் போதும். அந்தச் சம்பளத்தில் வங்கிக் கடனை மட்டும் மாதம் தவறாமல் கட்டினாள். தம்பி சொன்ன மாதிரி அவள் கட்டாமல் போகவில்லை. அவர் அதற்காக வருத்தப்பட்டாரா என்பது எனக்குத் தெரியாது.

கல்லூரிப் பாக்கியை அக்கா ஏற்றுக்கொண்டார். என் சம்பளத்தில் மாதா மாதம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அவரே போய்ச் சொன்னார். அதற்கு மட்டும் அனுமதி உடனே கிடைத்தது. பிடித்தார்கள். இரண்டு வருஷம் கழித்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கேட்டால், பிடித்ததெல்லாம் தாமதக் கட்டணத்துக்கே சரியாகப் போயிற்று, அசல் அப்படியே இருக்கிறது என்றார்கள். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றின கதை. நான் ஆபீசுக்குள் போய்ச் சத்தம் போட்டேன். ஜெராக்ஸ்காரனுக்கு இங்கே என்ன வேலை என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். அக்கா அன்றைக்கு என்னைத்தான் கடிந்துகொண்டார்.

“முதல்ல அபராதத்துக்குத்தான் எடுப்பாங்களாம், விதி அப்படி” என்றார்.

“விதியை எழுதினவன் பிள்ளை எங்க படிக்குதுன்னு கேட்டீங்களா?” என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. நெடுநாள் கழித்து அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

மகளோடு பேச்சு குறைந்துகொண்டே வந்தது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டையாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கூடப் பேசியிருப்பார்கள். வாரத்துக்கு ஒரு போன் மாதத்துக்கு ஒன்றாயிற்று. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். உடம்பு எப்படி இருக்கு, இருக்கு. வேலைல இருக்கேன், அப்புறம் பேசறேன். அந்த அப்புறம் வராது. அக்கா என் கடைக்கு வந்து போன் பண்ணுவார், அறைக்குள் சிக்னல் கிடைக்காது என்பதால். பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருப்பார். நான் மெஷினைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன்.

ஊர் முழுக்க ஒருநாள் பேச்சு கிளம்பியது. கட்டணப் பாக்கிக்காக எந்தக் கல்லூரியும் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது, பழைய பாக்கியை அரசே ஏற்றுக்கொள்ளும் என்று உத்தரவு. என் கடையே சட்டசபை ஆகிவிட்டது. நிலத்தை விற்று மகளைப் படிக்க வைத்த ஒரு தகப்பன், “அப்போ கட்டினவன் எல்லாம் ஏமாளியா? என் நிலத்தைத் திருப்பித் தருவாங்களா?” என்று மேஜையைத் தட்டினார். ஒரு பேராசிரியர், “படிச்சவங்க நாட்டுக்குத்தானே உழைக்கிறாங்க, நாடு கட்டட்டுமே” என்றார். டீக் கடைக்காரர், “நான் எட்டாவது. என் வரிப்பணத்துல இவங்க டாக்டர் ஆகி, என்கிட்டயே பீஸ் வாங்குவாங்க” என்றார். எனக்கும் இதில் ஒரு கட்சி உண்டு. கடையில் யார் நிற்கிறார்களோ அவர்கள் கட்சி.

அக்கா ஒரு நகலுக்காக வந்து நின்றார். “நீங்க சொல்லுங்கக்கா. யாரு கட்டணும்?” என்று வம்புக்கு இழுத்தேன். கேட்டுச் சொல்றேன் என்பார், எல்லோரும் சிரிக்கலாம் என்று காத்திருந்தேன்.

“யாரு வேணா கட்டட்டும். அது பெரியவங்க பேசி முடிக்க வேண்டியது” என்றார். “ஆனா தாளைப் பூட்டி வெக்கக் கூடாது. அது அவங்க கையில இருந்தா நாலு காசு சம்பாதிச்சு பாக்கியக் கட்டுவாங்க. எங்க பீரோவுல இருந்தா கரையானுக்குத்தான் ஆகும்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. நிலம் விற்ற தகப்பன்கூட மேஜையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

சான்றிதழ்களைக் கொடுப்பதற்குப் பரீட்சை மண்டபத்தில் ஒரு வாரம் ஏற்பாடு செய்தார்கள். கூட்டத்தின் ஏச்சை யார் வாங்குவது? சூப்பிரண்டு பாக்கி பீரோவின் சாவியைக் கொண்டுவந்து அக்காவின் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் ஆபீசில் இருக்க வேண்டும் என்பதால் என் மெஷினையும் தூக்கிக்கொண்டு போய் அக்காவுக்குப் பக்கத்தில் போட்டார்கள். அக்கா உறையைப் பிரித்துத் தாளை என்னிடம் கொடுப்பார், நான் நகல் எடுத்துத் திருப்பித் தருவேன், வாங்குகிறவர் கையெழுத்துப் போட வேண்டும்.

என்னென்ன மனிதர்கள் வந்தார்கள். இயற்பியல் படித்துவிட்டு லாரி ஓட்டுகிற ஒருவர். கைக்குழந்தையோடு ஒரு பெண், குழந்தை சான்றிதழைப் பிடித்து இழுக்க, அவள் அதட்டாமல் சிரித்தாள். வழுக்கை விழுந்த ஒருவர் சான்றிதழில் ஒட்டியிருந்த போட்டோவைப் பார்த்து, “இவ்வளவு முடி இருந்துச்சா எனக்கு?” என்றார். செத்துப்போன மகனுடையதை வாங்க ஒரு தாய் வந்தார். அவருக்கு மட்டும் அக்கா எழுந்து நின்று கொடுத்தார். சாவி கையை விட்டுப் போன பிறகும் மழைக்காலத்தில் அக்கா அதைக் கேட்டு வாங்கிப் பல்பைத் தொங்கவிட்டு வந்ததால், ஒரு தாளில்கூடப் பூச்சி அரித்த தடம் இல்லை. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கவனிக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

முதல் நாளே அக்கா மகளுக்குப் போன் செய்தார். “இப்ப கேக்கவே வேண்டாம்டா. நீ வந்தா போதும். நானே எடுத்துக் குடுப்பேன்.” அந்தப் பக்கம் என்ன பதில் என்று எனக்குக் கேட்கவில்லை. “பாக்கலாம்னு சொன்னா” என்றார் அக்கா. மறுநாளிலிருந்து காலையில் வந்ததும் வேதியியல் கட்டில் பாப்பாவின் உறையை மேலே எடுத்து வைப்பார். வாசலில் யார் வந்தாலும் தலையைத் தூக்கிப் பார்ப்பார். சாயங்காலம் அதைப் பழையபடி கட்டுக்குள் வைத்துப் பூட்டுவார். அவள் வந்துவிட வேண்டுமே என்று நானும் வேண்டிக்கொண்டேன். சும்மா ஒரு தாளை வாங்கவாவது வரட்டும், வந்தால் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள், மீதி தானாக நடக்கும் என்று நினைத்தேன்.

கடைசி நாள் மத்தியானத்துக்கு மேல் கூட்டம் குறைந்தபோது ஒரு பெண்மணி வந்தார். நாற்பது வயது இருக்கும். பயணக் களைப்பு முகத்தில் தெரிந்தது. கையில் ஒரு அதிகாரக் கடிதம். தன்னால் வர இயலாததால் இந்தக் கடிதம் கொண்டு வருபவரிடம் சான்றிதழைக் கொடுக்கவும் என்று எழுதி, கீழே கையெழுத்து. அப்படி நிறையக் கடிதங்கள் அந்த வாரம் வந்திருந்தன. விதியில் இடம் உண்டு.

அக்கா படித்தார். அது யாருடைய கையெழுத்து என்று எனக்கும் எட்டிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து எத்தனை நோட்டில் அந்தக் கையெழுத்தைப் போட்டிருக்கிறாள்.

“உங்க அடையாள அட்டை” என்றார் அக்கா. குரல் மாறவில்லை. வாங்கிப் பார்த்தார். மேலே இருந்த உறையை எடுத்தார். தேட வேண்டியிருக்கவில்லை.

“கிடங்குல என் கூட வேலை பாக்கிற பொண்ணு” என்றார் அந்தப் பெண்மணி. களைத்திருந்தாலும் நல்ல பேச்சுக்காரி. “எனக்கு இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்துச்சு, அதான் வாங்கிட்டு வரச் சொன்னா. அடுத்த மாசம் வெளிநாடு போறாளே. அங்க ஒரு ஆஸ்பத்திரி லேப்ல எடுத்திருக்காங்க. ஒரிஜினல் இல்லாம ஆகாதுன்னுட்டாங்களாம்.”

“சரி” என்றார் அக்கா.

அவருக்கு அந்தச் செய்தி அந்த நிமிஷம்தான் தெரிந்தது. எனக்கு அவரை அத்தனை வருஷம் தெரியும். தெரிந்த செய்தியைக் கேட்கிறவர் மாதிரி அவர் தலையை ஆட்டினார்.

தாளை என்னிடம் நீட்டினார். நான் மெஷினில் வைத்தேன். ஒன்றுக்கு இரண்டாக எடுத்தேன். ஒன்றை ஆபீஸ் கட்டில் போட்டேன், இன்னொன்றை யாரும் பார்க்காமல் அக்காவின் பக்கம் நகர்த்தினேன். வைத்துக்கொள்ளட்டும், அதையாவது வைத்துக்கொள்ளட்டும் என்று மனசுக்குள் கத்தினேன்.

அக்கா அந்த நகலைப் பார்த்தார். பாப்பாவின் முகம் அதில் கொஞ்சம் கறுப்பாக விழுந்திருந்தது. ஒரு விரலை அதன் மேல் வைத்தார். பிறகு அதை எடுத்து, மூலச் சான்றிதழோடு சேர்த்து உறைக்குள் போட்டார்.

“ஆபீசுக்கு ஒண்ணுதான் வெச்சுக்கணும். இதையும் அவகிட்டயே குடுத்துடுங்க” என்றார். “மடிக்காம எடுத்துட்டுப் போங்க. பஸ்ல ஜன்னல் பக்கம் வெக்காதீங்க.”

அந்தப் பெண்மணி கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். அக்கா ‘அவகிட்ட’ என்று சொன்னது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

“அவளை உங்களுக்குத் தெரியுமாங்க?”

நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேன். பிறந்ததிலிருந்து மூடாத வாயை அன்றைக்கு மூடிக்கொண்டேன்.

“நான் இங்க வேலை பாக்கிறவ” என்றார் அக்கா.